தாம்பூலப் பை விற்கிறவன் வீடு

கல்யாணத்துக்கு வந்தவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்பக்கூடாது என்ற நம் பழக்கத்தில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. சிங்கப்பூர் தேக்காவில் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் ரிட்டர்ன் கிஃப்ட் கடை வைத்திருக்கிறேன். நீங்களும் என்னால் பாதிக்கப்பட்டவராக இருக்கலாம். உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் பிரிக்காமல் கிடக்கும் குங்குமச் சிமிழ், மூடி சேராத எவர்சில்வர் டப்பா, யாரென்றே ஞாபகம் இல்லாத மணமக்களின் பெயர் அச்சடித்த சாவிக்கொத்து, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

கடை சின்னது. வியாபாரம் பெருகப் பெருக, சரக்கு சுவா சூ காங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. முதலில் ஸ்டோர் ரூம், பிறகு ஹால், பிறகு சாப்பாட்டு மேசைக்கு அடியில். என் மனைவி வசந்தா காலை மடக்கி உட்கார்ந்து சாப்பிடப் பழகிக்கொண்டாள். எங்கள் ஒரே மகள் நிலா மட்டும் தன் ரூம் கதவைச் சாத்தி வைத்துச் சமாளித்தாள். யூனிவர்சிட்டியில் சேர்ந்ததும் கிளமெண்டிப் பக்கம் ஹாஸ்டலுக்குப் போனாள். போகும்போது ஒன்றுதான் கேட்டாள். தன் ரூமில் பெட்டி வைக்கக்கூடாது, வீட்டுக்கு வந்தால் படுக்க இடம் வேண்டும். தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாக வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கு எப்படிக் காற்றில் போனது என்பதுதான் இனி வருவது.

பிளாஸ்டிக் இல்லாத கல்யாணம்

'பசுமை' என்ற சொல்லைச் சேர்த்தால் விலையைக் கொஞ்சம் ஏற்றலாம் என்று எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டேன். கடை வாசலில் 'இயற்கையோடு இணைந்த அன்பளிப்புகள்' என்று போர்டு வைத்தேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் அந்த மணப்பெண் வந்தாள். சுற்றுச்சூழல் படித்தவள். கல்யாணத்தில் துளி பிளாஸ்டிக் இருக்கக்கூடாது என்றாள். துணிப்பையும் மூங்கில் கரண்டியும் கொடுக்கலாம் என்று முடிவானது.

சரக்கு வந்து இறங்கியது. ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை, ஒவ்வொரு பைக்கும் ஒரு உறை, பத்துப் பைக்குச் சேர்த்து இன்னொரு உறை. நானும் வசந்தாவும் ஹாலில் உட்கார்ந்து கிழித்துக் கிழித்துப் போட்டோம். உறை நீக்கிய பைகளை வைக்க வேறு இடம் இல்லை. இரண்டே நாள்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நிலாவின் கட்டிலில் அடுக்கினேன்.

பைகளை வாங்க மறுநாள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்த மணப்பெண் அன்றைக்கே வந்து நின்றாள். கதவு திறந்திருந்தது. முழங்கால் உயரத்துக்குப் பிளாஸ்டிக், நடுவில் நான். வாடிக்கையாளருக்குக் காட்டும் சிரிப்பு ஒன்று என்னிடம் உண்டு. அதைத்தான் அப்போதும் காட்டினேன். அவள் சத்தம் போடவில்லை, ஆர்டரை ரத்து செய்யவும் இல்லை. பைகளை எடுத்துக்கொண்டு, லிஃப்ட் வரும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள்: "பிளாஸ்டிக் வேணாம்னுதானே அங்கிள் சொன்னேன். என் கண்ணுல படாம இருந்தா போதும்னு சொல்லலியே."

பிரிக்காத விளக்கு

பிடோக்கில் வசந்தாவின் சித்தப்பா மகள் புதுவீடு குடிபோனாள். கிளம்பும்போது ஆளுக்கொரு பை தந்தார்கள். உள்ளே சின்னப் பித்தளை விளக்கு, பெட்டியின் மூலையில் என் கடை ஸ்டிக்கர். அந்த மாடலை நான் நிறுத்தி வருஷக்கணக்காகிறது. முதலில் பெருமையாகத்தான் இருந்தது. நம்ம சரக்கு எவ்வளவு நாள் தாங்குகிறது பார் என்று எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டினேன். வசந்தா என்னைப் பார்க்காமல் செருப்பைத் தேட ஆரம்பித்தாள். கொழுந்தியாள் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதவள். பாராட்டுவதாகவே நினைத்துச் சொன்னாள்: "நல்ல பொருள் அத்தான். எங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடியே நாலு வீடு போயிருக்கும், ஒருத்தர்கூட பிரிச்சதில்ல."

செடி கொடுத்த வரம்

அதற்குப் பிறகாவது திருந்தியிருக்கலாம். நான் செடிக்கு மாறினேன். யாரும் அலமாரியில் போட்டு வைக்க முடியாத பொருள் அல்லவா? ஒரு கல்யாணத்துக்குச் சின்னச் சின்னத் தொட்டிகளில் துளசி சப்ளை செய்தேன். மேடையில் அறிவித்தபோது கைதட்டல் பலமாக இருந்தது. ஆனால் பட்டுப்புடவையும் கைக்குழந்தையுமாக எம்ஆர்டி ரயில் ஏறப்போகிறவர் தொட்டியை எந்தக் கையில் பிடிப்பார்? பாதிச் செடிகள் நாற்காலிக்கு அடியிலேயே நின்றுவிட்டன. மண்டபத்துக்காரர்கள் உடனே காலி செய்யச் சொன்னார்கள். எல்லாவற்றையும் வேனில் ஏற்றிவந்து எங்கள் மாடி காரிடாரில் வரிசையாக வைத்தேன்.

மழைக்காலம். தொட்டிக்கு அடியில் இருந்த தட்டுகளில் தண்ணீர் நின்றது. கொசு சோதனைக்கு வந்த அதிகாரி டார்ச் அடித்துப் பார்த்து, புழு நெளிவதை எனக்கே காட்டினார். அபராதம் கட்டினேன். அது பெரிதில்லை. அதே வாரம் பக்கத்து வீட்டு அந்தோணி அண்ணனின் மனைவி டெங்கியில் படுத்தார். அவர் சரியாகி வீடு திரும்பும்வரை நான் லிஃப்டில் போகாமல் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் எதிரில் வந்துவிடுவாரோ என்ற பயம்தான். செத்த செடிகளைத் தூக்கிப்போட்டேன். தொட்டிகளைப் போட மனம் வரவில்லை, காசு கொடுத்து வாங்கியதாயிற்றே. அவை நிலாவின் படிப்பு மேசைக்குப் போயின. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குக் கிளம்பிய அந்தோணி அண்ணனிடம் படியிலேயே மாட்டிக்கொண்டேன். தோளில் கை போட்டுச் சொன்னார்: "உங்க செடியாலதான்னு நான் சொல்ல மாட்டேன் தம்பி. அடுத்த தடவை சோப்பு மாதிரி ஏதாச்சும் வித்துடுங்க லா."

டாக்டருக்குச் சலுகை

கடைக்குப் பெட்டி தூக்கிக்கொண்டு மாடி ஏறும்போது நெஞ்சில் ஒரு இறுக்கம். இரண்டு வாரம் வாயுத்தொல்லை என்று பெயர் வைத்துத் தள்ளிப்போட்டேன். பிறகு வசந்தா கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். டாக்டர் ஒரு தமிழ் அம்மா. கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்க்கும்போதே போன் அடித்தது. எடுத்துப் பேசி, ஒரு காதுகுத்து ஆர்டரை முடித்துவிட்டுத்தான் வைத்தேன். டாக்டர் மறுபடி முதலிலிருந்து பட்டையைச் சுற்றினார்.

தூக்கம் எப்படி, சாப்பாடு எத்தனை மணிக்கு, கடைசியாக லீவு எடுத்தது எப்போது என்று கேட்டார். பேச்சுவாக்கில் அவர் மகளின் நாட்டிய அரங்கேற்றம் வரப்போவது தெரிந்தது. அவ்வளவுதான், நெஞ்சிறுக்கம் போன இடம் தெரியவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து கார்டை நீட்டினேன். வசந்தா தரையைப் பார்த்தாள். டாக்டர் கார்டை வாங்கி, மாத்திரைச் சீட்டோடு சேர்த்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்: "சார், நான் உங்களை ஒரு வாரம் ரெஸ்ட் எடுக்கச் சொல்றேன், நீங்க எனக்குப் பத்து பர்சன்ட் டிஸ்கவுண்ட் சொல்றீங்க."

நிலா வந்தாள்

தீபாவளிக்கு ஒரு பெரிய கம்பெனி தன் ஊழியர்கள் எல்லாருக்கும் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் கேட்டது. இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய ஆர்டர். பாட்டிலில் என்ன வாசகம் போடலாம் என்று என்னையே கேட்டார்கள். 'உடலைப் பேணுவோம், உலகைப் பேணுவோம்' என்று எழுதிக் கொடுத்தேன். எழுதியபோது கை கூசவில்லை, இப்போதுதான் கூசுகிறது.

அந்த வாரம் நிலா சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். பரீட்சை முடிந்த கையோடு காய்ச்சல். அம்மா கையால் ரசம் சாப்பிட்டு, தன் கட்டிலில் இரண்டு நாள் படுத்துக் கிடக்கலாம் என்று வந்திருக்கிறாள். ரூம் கதவைத் திறந்தாள். பாதிக்கு மேல் திறக்கவில்லை. கட்டில் மேல் பெட்டி, மேசை மேல் பெட்டி, ஜன்னல்வரை பெட்டி. ஒரு மணி நேரத்தில் ஒழித்துத் தருகிறேன் என்று ஒரு பெட்டியைத் தூக்கினேன். கொண்டுபோய் வைக்க வீட்டில் இடமே இல்லை. கொஞ்ச நேரம் அதைச் சுமந்துகொண்டு ஹாலில் நின்றுவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தேன். எங்கள் கட்டிலில் படுக்கச் சொல்லலாம் என்றால் அதிலும் பாதி ரிப்பன் சுருள்கள்.

நிலா கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் ஒரு பெட்டி மேலேயே உட்கார்ந்து ரசம் குடித்தாள். ஹாஸ்டலில் கூட இருக்கும் பெண் ஊருக்குப் போய்விட்டாள், அங்கேயே அமைதியாகப் படுத்துக்கொள்கிறேன் என்றாள். வேனில் கொண்டுபோய் விடலாம் என்று சாவியை எடுத்தேன், முன் சீட்டிலும் சரக்கு இருந்தது. வசந்தா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவளோடு ஸ்டேஷனுக்குக் கிளம்பினாள். லிஃப்ட் கதவு மூடும்போது நிலா என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னாள்: "ஸ்டாக் போனதும் சொல்லுங்கப்பா, வர்றேன்."

அந்த ஸ்டாக் அடுத்த வாரமே போய்விட்டது, அன்றைக்கே அதைவிடப் பெரிய ஆர்டர் வந்து இறங்கியதால் அவளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.