வா என்றால் நில்

என் மனைவி தும்புத்தடியோடு தெருவில் இறங்கினால் எதிர்ப்படுகிறவர்கள் கைகாட்டி வாழ்த்துகிறார்கள். நெடுங்கேணியில் நான் வளர்ந்த வீட்டில் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். ஒரு காரியமாகப் புறப்படும்போது எதிரே விளக்குமாறு வந்தால் திரும்பிப் போய், ஒரு வாய் தண்ணீர் குடித்து, சற்று இருந்துவிட்டுத்தான் மறுபடி படி இறங்குவோம். கனடாவின் கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் இந்தச் சிறு நகரத்திலோ, மூச்சு மீசையில் உறைகிற குளிரில், விளக்கு வைத்த பிறகு, பெண்கள் தோளில் தடியைச் சாத்திக்கொண்டு கூட்டப் போகிறார்கள். அவர்கள் கூட்டப்போகும் இடத்தில் குப்பை ஒன்றும் கிடையாது, வெறும் ஐஸ்.

ஊரில் இருப்பவர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். விளையாட்டின் பெயர் கேர்லிங். கைபிடி வைத்த பாரமான கருங்கல்லை ஒருத்தி நீண்ட ஐஸ் தரையில் வழுக்கி விடுவாள். மறுமுனையில் வரைந்திருக்கும் வட்டத்தின் நடுவுக்குக் கிட்ட யாருடைய கல் நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. கல்லுக்கு முன்னால் இரண்டு பெண்கள் ஓடி ஓடித் தரையைத் தேய்ப்பார்கள். தேய்த்தால் கல் கூடத் தூரம் போகும். எப்போது தேய்ப்பது, எப்போது நிறுத்துவது என்று கத்திச் சொல்பவள் ஸ்கிப், அதாவது அணித்தலைவி. என் மனைவி ஜெசிந்தா ஒரு ஸ்கிப். ஸ்கொட்லாந்துக்காரர் உறைந்த குளங்களில் தொடங்கிய விளையாட்டு இது என்று நூலகத்தில் வாசித்தேன். வன்னியிலும் குளங்களுக்குக் குறைவில்லை, அவை உறையாததுதான் குறை.

திகதி குறித்து வைக்கும் பழக்கம் உள்ளவன் என்பதால் தொடக்கத்தை உறுதியாகச் சொல்வேன். எங்கள் இரண்டாவது பனிக்காலம், தைப்பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை. ஜெசிந்தா அப்போது முதியோர் இல்லமொன்றின் குசினியில் சமையல் வேலை செய்தாள். கூட வேலை செய்த பிரெண்டா, “சனிக்கிழமை எங்களுக்குக் கூட்ட ஓர் ஆள் குறைகிறது, வருவாயா?” என்று கேட்டாள். மேலதிக வேலையாக்கும் என்று இவள் தலையாட்டிவிட்டாள். எங்கள் வீட்டுத் தும்புத்தடியும் வாளியும் தரை துடைக்கும் துணியுமாக அவளை நான்தான் கழக வாசலில் இறக்கிவிட்டேன். உள்ளே எழுந்த சிரிப்பு கார்வரைக்கும் கேட்டது. எல்லோரையும்விடக் கூடுதலாகச் சிரித்தவள் ஜெசிந்தா என்று பிரெண்டா பிறகு சொன்னாள். அன்றைக்கே தடியைக் கையில் கொடுத்து விளையாட்டில் சேர்த்துக்கொண்டார்கள்.

அவளை ஸ்கிப் ஆக்கியது அவளுடைய குரல். முல்லைத்தீவுக் கடற்கரையில் அவளுடைய தகப்பன் கரைவலை இழுப்பித்தவர். வலையின் இரண்டு கயிறுகளையும் இரண்டு கூட்டம் கரையிலிருந்து இழுக்கும். ஒரு பக்கம் முந்தினால் மீன் தப்பிவிடும். நடுவில் நின்று, இந்தப் பக்கம் இழு, அந்தப் பக்கம் பொறு என்று அலையிரைச்சலுக்கு மேலால் கத்துவது அவர் வேலை. வலையின் மடி கரையை நெருங்கும்போது மட்டும் ஆட்களை விட்டுவிட்டு வலையையே கூப்பிடுவாராம்: வா, வா, வா. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் ஜெசிந்தாவும் பக்கத்தில் நின்று கூப்பிடுவாள். பிறகு போரில் இடம்பெயர்ந்து, நாங்களும் அகதிகளாக வந்திருந்த நெளுக்குளத்துக்கு வந்தார்கள். அங்கே, குழாயில் தண்ணீர் வந்துவிட்டதென்று தமக்கை றெஜினாவை அவள் கூப்பிட்ட சத்தத்தைத்தான் நான் முதலில் அறிந்தேன். ஆளைப் பிறகுதான் கண்டேன்.

கழகத்தில் வென்றாள், வட்டாரத்தில் வென்றாள். போன வருடம் மாசியில், ஊரில் காலபோக நெல் அறுவடை நடக்கும் நாட்களில், மாகாணத்துப் பெண்கள் இறுதிப் போட்டிக்கு வந்தாள். கடைசிக் கல் அவளுடையது. அது கொஞ்சம் மெதுவாகப் போய்விட்டது. பிரெண்டாவும் அணியில் அவளோடு சேர்ந்து தேய்க்கும் லோரியும் உயிரைக் கொடுத்துத் தேய்த்தார்கள். வட்டம் கிட்டியபோது ஜெசிந்தாவின் வாயிலிருந்து ஆங்கிலம் பறந்துவிட்டது. “வா! வா! வா!” என்று கத்தினாள். இருவரும் தடியைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டார்கள். கல்லும் வட்டத்துக்கு வெளியே நின்றுவிட்டது.

இந்த விளையாட்டில் தேய்ப்பதை நிறுத்தச் சொல்லும் சொல் ‘வோ’, குதிரையை நிறுத்தும் அதே சொல். அந்த ஆரவாரத்துக்குள் எங்கள் வா அவர்கள் காதில் வோ ஆகிவிட்டது. ஜெசிந்தா என்னைத் தேடிப் பார்த்து, “இஞ்சேருங்கோ, நான் நிப்பாட்டச் சொன்னனானோ? வரச்சொல்லியெல்லோ கத்தினனான்!” என்றாள். அந்த மண்டபத்தில் அதற்குச் சாட்சி சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான்.

முல்லைத்தீவிலிருந்து றெஜினாக்கா தொலைபேசியில் பகிடி விட்டா. “வளவு கூட்டச் சொன்னால் வயித்துக்குத்து எண்டு படுக்கிறவள், அங்க போய் ஐஸ் கூட்டித் தோத்தவளாம்!” ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “நான் இனி ஸ்கிப் இல்லையப்பா. பதட்டம் வந்தால் எனக்குத் தமிழ்தான் வருது. அவளவை ரெண்டுபேரும் பாவம்” என்றாள்.

“ஆங்கிலத்தில கத்திப் பழகுமன்” என்றேன். தேய்க்கச் சொல்லும் சொல் ‘ஹரி’, விரைவு என்று பொருள். வெங்காயம் வெட்டும்போதும் கோப்பை கழுவும்போதும் ஹரி, ஹரி என்று பயிற்சி செய்தாள். ஒருநாள் நெடுங்கேணியிலிருந்து அண்ணன் தொலைபேசி எடுத்தார்.

“தம்பி, ஜெசிந்தா வேதத்தை விட்டிட்டுச் சைவத்துக்கு வந்திட்டாவோ? பின்னால ஒரே ஹரி ஹரி எண்டு கேக்குது.”

“இல்லையண்ணை, கல்லை ஓடச் சொல்லுறா.”

“கல்லையோ?” என்ற அண்ணன் பேச்சை நெல் விலைக்கு மாற்றிவிட்டார்.

கோதுமை அறுவடை முடிந்த கையோடு பிரெண்டாவும் லோரியும் வீட்டுக்கு வந்தார்கள். “உன் வாயை மாற்ற முடியாது. எங்கள் காதை மாற்றலாம்” என்றாள் பிரெண்டா. வா என்றால் என்ன பொருள் என்று கேட்டறிந்துவிட்டு, “நாங்கள் கல்லை அவசரப்படுத்தத்தான் செய்தோம். வரச்சொல்லிக் கூப்பிட்டதேயில்லை” என்றாள். இனி வா என்றால் தேய்ப்பது என்று முடிவானது. நிறுத்துவதற்கு ஜெசிந்தா ‘விடு’ என்ற சொல்லைக் கொடுத்தாள்.

சொல்வது சுலபமாக இருந்தது. சிறுவயது முதல் அந்தச் சத்தத்துக்கு நிற்கப் பழகிய உடம்புகள் அவை. முதல் கிழமைகளில் வா என்றதும் நின்றார்கள். பிறகு அதைவிட மோசம், பக்கத்துத் தளத்தில் யாரோ வோ என்று கத்த, இவர்கள் தங்கள் கல்லை விழுந்து விழுந்து தேய்த்தார்கள். கழகத்து ஆண்களுக்கு அந்தப் பனிக்காலம் முழுவதும் அதுதான் பேச்சு. அப்படியும் ஒவ்வொரு சுற்றாக வென்று, இந்த மாசியில் மறுபடி மாகாண இறுதிக்கு வந்துவிட்டார்கள். புறப்படும்போது ஜெசிந்தா சொன்னாள்: “இந்த முறையும் பிழைச்சால் தடியைக் குசினிக்குள்ள வைச்சிடுவன்.”

எதிரணி போன முறை வென்ற அதே அணி. இந்த முறையும் கடைசிக் கல் இவளுடையது, இந்த முறையும் அது மெதுவாகத்தான் போனது. “வா!” என்றாள். பிரெண்டாவின் தடி ஐஸை விட்டுச் சற்று எழும்பியது. மறுகணம் தடி இறங்கியது. இரண்டு பெண்களும் முதுகு வளைத்துத் தேய்க்க, பின்னால் ஜெசிந்தா வா, வா, வா என்று கடலையே கரைக்கு இழுப்பவள்போலக் கத்தினாள். நானும் எழுந்து நின்று கத்தினேன். பக்கத்துக் கதிரையில் இருந்த பெரியவர் என் சட்டையைப் பிடித்து, “நீ எதிரணியின் ஆளா? ஏன் நிறுத்தச் சொல்கிறாய்?” என்று கோபித்தார். பதில் சொல்ல நேரமில்லை. “விடு!” தடிகள் எழும்பின. கல் தானாக வழுக்கி வளைந்து, எதிரணிக் கல்லைவிட உள்ளுக்குள் வந்து நின்றது.

றெஜினாக்காவுக்கு வீடியோ அழைப்பு எடுத்து, ஐஸில் நின்ற ஜெசிந்தாவின் கையில் போனைக் கொடுத்தேன். அங்கே விடிந்திருந்தது. அக்காவின் கையில் தேத்தண்ணிக் கோப்பை.

“வெண்டிட்டியோடி?”

“ஓமக்கா!”

“கூட்டியோ?”

“ஓம், கூட்டித்தான்!”

அக்கா சிரித்து முடித்தா. பிறகு குரல் இறங்கியது. “சரி, வெண்டது போதும். ஒருக்கா ஊருக்கு வாவன் பிள்ளை. வா.”

போனின் சத்தம் உச்சத்தில் இருந்தது. அந்தச் சொல்லைக் கேட்டதும் பிரெண்டாவும் லோரியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சட்டென்று குனிந்து, அவளே கல் என்பதுபோல ஜெசிந்தாவின் காலடியில் தேய்க்கத் தொடங்கினார்கள். அவளுக்கு முன்னால் பின்பக்கமாக நகர்ந்தபடி வாசல் பக்கம்வரைக்கும் தேய்த்துக்கொண்டே போனார்கள். மண்டபம் கைதட்டிச் சிரித்தது.

“என்னடி இது, நான் உன்னை வரச்சொன்னால் அவளவை ஏன் கூட்டுறாளவை?” என்று அக்கா கேட்டது எனக்குக் கேட்டது.

கேர்லிங் சப்பாத்துகளில் ஒன்றின் அடி வழுக்கிப் போவதற்கென்று செய்தது. மற்றதன் அடி தரையைப் பிடித்து நிற்பதற்கு. ஜெசிந்தா இரண்டிலும் பாரத்தைப் போட்டு, போனை உயர்த்திப் பிடித்தபடி, கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு முன்னால் ஐஸ் பளபளவென்று கூட்டிக் கிடந்தது.