ஏழாம் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கோடு

போன மாதம் சேலத்தில் ஒரு கைக்கடிகாரக் கடையின் சர்வீஸ் கவுன்டரில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், மனைவியோடு. என்னுடையதைப் போல நான்கு வாங்கக்கூடிய விலையில் ஒரு கடிகாரம். அதைக் கழற்றி மேசை விளக்கின் கீழே சாய்த்துச் சாய்த்துக் காட்டிக்கொண்டிருந்தார். கவுன்டர்ப் பெண் குனிந்து பார்த்தாள். அவர் மனைவி பார்த்தார். அழையாத மூன்றாவது ஆளாக நானும் எட்டிப் பார்த்தேன். ஒருவர் கண்ணுக்கும் ஒன்றும் அகப்படவில்லை.

"எங்கீங்க சார் கோடு?"

"நல்லாப் பாருங்கம்மா. சீட் பெல்ட் கொக்கி பட்டது. டோல்கேட் தாண்டினதும். சாயங்காலம் அஞ்சே கால் இருக்கும்."

அவர் மனைவி என் பக்கம் திரும்பி, "எங்க கல்யாண நாள் என்னிக்குன்னு கேளுங்க தம்பி, முழிப்பாரு" என்றார்.

சிரித்தேன். சிரிக்கும்போதே இந்த யோசனை வந்து நின்றது. இவர் கோட்டைப் பார்க்கவே இல்லை. அது விழுந்த நொடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதனால்தான் மற்றவர்களுக்குத் தெரியாதது அவருக்கு மட்டும் தெரிகிறது. விலையுயர்ந்த கடிகாரம் வைத்திருப்பவர்கள் தலைமுடி அளவு கீறலுக்கு ஏன் இப்படித் துடிக்கிறார்கள் என்று நானும் பலமுறை கேலி பேசியிருக்கிறேன். விடை கிடைத்துவிட்டது என்று ஒரு உற்சாகம். உங்களுக்குத்தான் என்னைத் தெரியுமே, எதற்காவது விடை கிடைத்த மாதிரி இருந்தால் பக்கத்தில் இருப்பவரைப் பிடித்துச் சொல்லாமல் இருக்க மாட்டேன். அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் முறை வந்துவிட்டது.

அந்தப் பெண் ஒரு படிவத்தை எடுத்தாள். அதில் கடிகாரத்தின் படம் அச்சாகியிருந்தது. கடிகாரத்தை வாங்கிக்கொள்வதற்கு முன்பே அதில் இருக்கிற கீறல்களையெல்லாம் படத்தில் சிவப்புப் பேனாவால் குறித்துக்கொள்வார்களாம். பின்னால் தகராறு வரக்கூடாது அல்லவா. என் கடிகாரத்தை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கோடு போட்டாள். ஏழாம் எண்ணுக்குப் பக்கத்தில், கண்ணாடியைச் சுற்றியுள்ள சட்டத்தின் விளிம்பில், ஒரு நெல் நீளத்துக்கு.

"இது கொஞ்சம் ஆழம்ங்க சார். எப்ப விழுந்துச்சு?"

"ஞாபகம் இல்லீங்க" என்றேன்.

பொய். பக்கத்து நாற்காலிக்காரருக்கு அஞ்சே கால் தெரிந்த மாதிரி எனக்கும் தெரியும். பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு அவள் சட்டத்தைத் துடைத்தாள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும், கொல்லிமலைமேல் செம்மேட்டு ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றுவிட்டேன்.

அங்கே எப்படிப் போனேன் என்று சொல்வதற்கு முன் இந்தக் கடிகாரம் எப்படி வந்தது என்று சொல்லிவிட வேண்டும். நித்யாவுக்கும் எனக்கும் நிச்சயம் ஆன அன்று அவள் அப்பா என் இடது கையில் கட்டிவிட்டது. நாமக்கல்லில் லாரி வைத்திருப்பவர். மாப்பிள்ளைக்குக் கடிகாரம் கட்டுவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். இவர் வெளிநாட்டுக் கடிகாரமாகப் பார்த்துக் கட்டிவிட்டார். அன்றிலிருந்து கல்யாணம் வரைக்கும் என்னைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும், "சாப்ட்டீங்களா"வுக்கு முன்னால், "மாப்ள, கைய நீட்டுங்க பாக்கலாம்" என்பார். டயர் தேய்மானம் பார்ப்பவர் போல மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "வண்டியப் பாத்தா டிரைவர் எப்படின்னு தெரிஞ்சுக்கலாமுங்க மாப்ள" என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். நூறு ரூபாய்க் கடிகாரத்தில் கீறல் விழுந்தால் அது கீறல். இதில் விழுந்தால் அது என்னைப் பற்றிய சாட்சி.

அப்போது எனக்கு வேலை கொல்லிமலையில். விவசாயம் படித்து முடித்த சூட்டில், மிளகு வாங்கும் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்திருந்தேன். எங்கள் ஊர் காளப்பநாயக்கன்பட்டி. காலையில் முதல் பஸ்ஸில் ஏறினால் அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி எழுபது கொண்டை ஊசி வளைவும் சுற்றி, வயிறும் தலையும் இடம் மாறி மேலே போய் இறங்குவேன். அரியூர் நாடு என்கிற மலைக் கிராமங்களில் தோட்டம் தோட்டமாகப் போய் மிளகை எப்போது பறிக்க வேண்டும், எப்படிக் காயவைக்க வேண்டும் என்று மலைக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் உத்தியோகம். ஆமாம், அவர்களுக்குத்தான், நான்தான். செல்போனில் படம் வேறு போட்டுக் காட்டுவேன். அவர்களும் மரியாதைக்காகக் கடைசிவரை பார்ப்பார்கள்.

அதிகம் போனது சடையன் அண்ணன் தோட்டத்துக்கு. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். மிளகு பறிப்பதில் அந்தப் பக்கம் அவரை அடிக்க ஆளில்லை. மிளகுக் கொடி சில்வர் ஓக் மரத்தைப் பிடித்துக்கொண்டு முப்பது நாற்பது அடி ஏறிப் போயிருக்கும். அதில் ஏறுவதற்கு ஒற்றை மூங்கில்தான் ஏணி. கணுவுக்குக் கணு கிளையை ஒரு சாண் விட்டு வெட்டியிருப்பார்கள், அந்த மொட்டைக் கிளைதான் படி. ஒற்றைக் கம்பமானதால் மேலே இருப்பவர் ஒரு பக்கம் எட்டினால் அது உருளப் பார்க்கும். அதனால் கீழே ஒருவர் அடியில் காலை முட்டுக் கொடுத்து, இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். அண்ணனுக்கு எப்போதும் பிடிப்பது அவர் மனைவி செல்வி அக்கா.

அக்காவுக்குக் கேலி வாய். கடிகாரத்தில் கீறல் படாமலிருக்க அதன்மேல் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மலை ஏறுவேன். பஸ்ஸில் கம்பியை வலது கையால் மட்டும் பிடிப்பேன். முதல் நாள் அக்கா உண்மையாகவே பதறிப் போய், "ஐயோ, கையில என்னங்க தம்பி, புண்ணா?" என்று கேட்டார். அவிழ்த்துக் காட்டினேன்.

"ஏனுங்க, இங்க வந்து பாருங்க!" என்று அண்ணனைக் கூப்பிட்டார். "தம்பியோட கெடியாரத்துக்குக் குளுருதாமா. போர்வ போத்திக் கூட்டியாந்திருக்காப்ல."

"சும்மா இரு புள்ள. சாமிக்கு மாமனார் ஊட்டுல குடுத்தது" என்றார் அண்ணன். என்னை அவர் சாமி என்றுதான் கூப்பிடுவார்.

"அப்பக் காப்பி ஒண்ணு அதுக்கும் வெக்கட்டுங்களா?"

ரோஷம் வந்துவிட்டது. அடுத்த நாளிலிருந்து கைக்குட்டை கட்டவில்லை.

மாசி மாதம். அன்றைக்கு அண்ணன் உச்சியில் இருந்தார், அக்கா ஏணியைப் பிடித்திருந்தார். ஆடு மரவள்ளிக்குள் புகுந்துவிட்டதென்று யாரோ மேட்டிலிருந்து கத்தினார்கள். நான்தான் உற்சாகமாக முன்னால் போனேன். "நீங்க போங்கக்கா, நான் புடிச்சுக்கிறேன்."

அக்கா தயங்கினார். "ரெண்டு கையும் எடுக்கப்படாதுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

பிடித்தேன். கடிகாரத்தைக் கழற்றிவிடலாமா என்று நினைத்ததும் உண்மை. கழற்றி எங்கே வைப்பது? சட்டைப் பையில் சாவி, தரையில் கல். மூங்கிலில் ஓரிடம் விரிசல் விட்டிருந்ததால் கம்பி சுற்றியிருந்தார்கள். அந்தக் கம்பியின் முனை சரியாக என் மணிக்கட்டு உயரத்தில். ஏணி லேசாக அசைந்தது. கிர்ரென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் பல்லில் கேட்டது.

இடது கையை எடுத்துப் பார்த்தேன். கோடு. அழுக்காக இருக்கட்டும் சாமி என்று வேண்டிக்கொண்டு கட்டைவிரலால் தேய்த்தேன். இத்தனை வருஷமும் "ஒரு கையைத்தான் எடுத்தேன்" என்று எனக்கு நானே சொல்லிவந்திருக்கிறேன். இடது கைக் கடிகாரத்தைப் பார்க்க ஒரு கை எடுத்தால் போதும். தேய்க்க வேண்டுமென்றால் வலது கையும் வேண்டும்.

தலைக்கு மேலே இலைச் சலசலப்பு. ஏணி என் தோளை உரசிக்கொண்டு உருண்டது. காப்பிச் செடிகளுக்கு மேல் அண்ணன் விழுந்த சத்தத்தைப் பற்றி எழுத எனக்கு மனசு வரவில்லை.

செம்மேட்டு ஆஸ்பத்திரியில் காலுக்கு முதல் கட்டுப் போட்டு, எலும்பு இரண்டு இடத்தில் போயிருக்கிறது, கீழே நாமக்கல்லுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். மரவள்ளி ஏற்றுகிற பிக்கப் வண்டி ஒன்று கிடைத்தது. பின்னால் சாக்கைப் பரப்பி அண்ணனைப் படுக்கவைத்து, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். வளைவுக்கு வளைவு அவர் பல்லைக் கடிப்பது என் தொடையில் தெரிந்தது. உடம்பெல்லாம் பச்சை மிளகு வாசம். இதைத்தான் யாரிடமும் சொன்னதில்லை: அந்த வளைவுகளிலும் நான் இடது கையைத் தூக்கி அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாமனார் கையை நீட்டச் சொன்னால் என்ன சொல்வது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று நான்கு தடவை பார்த்திருப்பேன்.

அண்ணன் கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார். "மணி பாக்காதீங்க சாமி" என்றார். "இருட்டுக்குள்ள போயிரலாம். நீங்க வெசனப்படாதீங்க."

பணம் புரட்டிக்கொண்டு மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அக்கா நாமக்கல்லுக்கு வந்துவிட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைத் தனியாக நிறுத்திக் கேட்டார்: "புடிச்சுட்டுத்தான இருந்தீங்க தம்பி? எப்படிப் பொரண்டுச்சு?"

"தெரியலக்கா. மூங்கில் ஈரமா இருந்துச்சு."

"பழக்கமில்லாத ஆளுகிட்டக் குடுத்துட்டு ஆட்டு பின்னால ஓடுனேன் பாருங்க. எம் மேலதான் தப்பு" என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை. அதுதான் ஊரிலும் பேச்சாகிப் போனது. ஏணியைக் கைவிட்டுப் போனவள் என்று அண்ணனின் தங்கையே நாலு பேர் நடுவில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். மாமனாரிடம் "பஸ் கம்பியில பட்டுருச்சுங்க" என்றேன். அவர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த தண்டனை. கல்யாணம் ஆயிற்று, அந்த வேலையை விட்டேன், சேலத்துக்கு வந்தேன்.

இரண்டு வருஷம் முன்னால் ஒரு தடவை மேலே போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். மரத்து உச்சியில் மிளகு பறித்துக்கொண்டிருந்தது அக்கா! கீழே அண்ணன் ஒரு கல்மேல் உட்கார்ந்து, நல்ல காலை முட்டுக் கொடுத்து, மூங்கிலைக் கட்டிப் பிடித்திருந்தார். மடங்காத கால் ஒரு பக்கம் நீட்டிக் கிடந்தது.

"நீங்க ஏறுறீங்களாக்கா?" என்றேன், அண்ணாந்து.

"நான் உட்டுட்டுப் போனதுக்கு நானே ஏறிக்கிறேனுங்க" என்று மேலேயிருந்து பதில் வந்தது. பழைய கேலிக் குரல் இல்லை. கெடியாரத்துக்குக் குளிருதா என்று கேட்பார், கேட்டால் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

அண்ணன்தான் கேட்டார். "கெடியாரம் நல்லா ஓடுதுங்களா சாமி? அன்னிக்கி நேரம் பாத்துப் பாத்துக் கொண்டுபோய்ச் சேத்தீங்களே. அதுலதான் கால் தப்புச்சு." ஒரு சீப்பு மலை வாழைப்பழத்தைக் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒன்றைக்கூட என்னால் தின்ன முடியவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். பஸ்ஸில் இரண்டு தின்றேன்.

கவுன்டர்ப் பெண் கேட்டாள்: "பாலிஷ் போட்டுரலாங்களா சார்? ஆனா கோடு போகணும்னா அந்த ஆழத்துக்குச் சுத்தி இருக்கற உலோகத்தையும் தேச்சு எடுப்பாங்க. பரவால்லீங்களா?"

பக்கத்து நாற்காலிக்காரர், "போடுங்க தம்பி, யோசிக்காதீங்க" என்றார்.

"போடுங்க" என்றேன்.

போன வாரம் வாங்கி வந்தேன். விளக்கடியில் சாய்த்துப் பார்த்தேன், நித்யாவிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். ஏழாம் எண்ணுக்குப் பக்கத்தில் எதுவும் இல்லை. மலையில் அன்று நடந்ததற்கு என்னைத் தவிர இருந்த ஒரே சாட்சி அது. அதையும் காசு கொடுத்து நானே அழித்துவிட்டேன். கீறலுக்குத் துடிப்பவர்களைக் கேலி செய்தவன், கீறல் இல்லையே என்று இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் நித்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கடிகாரத்தை வாங்கி ஏழாம் எண்ணுக்குப் பக்கத்தில் விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "பாலிஷ் போடறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்" என்றாள். போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்து, "அப்பாகிட்ட நான் பேசிக்கறேன். நீங்க மலைக்குப் போங்க" என்றாள்.

இப்போதும் மாசிதான். பறிப்பு நடக்கும், அண்ணனின் தங்கையும் களத்தில் இருப்பார். இந்த ஞாயிறு காரவள்ளியில் முதல் பஸ்ஸைப் பிடிக்கப்போகிறேன். அக்கா ஏணியில் கால் வைப்பதற்கு முன்னால், அந்தத் தங்கையின் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் "மூங்கில் ஈரமா இருந்துச்சு" என்றுதான் வாய் ஆரம்பிக்கிறது. அதை வெட்டிவிட்டேன். உண்மையைச் சொன்ன பிறகு அண்ணன் என்னைச் சாமி என்று கூப்பிடமாட்டார். மிஞ்சியது ஒரே வரி. ஞாயிற்றுக்கிழமைக்குள் அது வாயில் நிற்க வேண்டும்:

"நீங்க உட்டுட்டுப் போகலக்கா. ரெண்டு கையையும் எடுத்தது நான்."