மாடித் தளத்தில் இரண்டு கணு தண்ணீர்

பாபநாசத்தில் நான் வீடு கட்டியபோது, புதிதாகப் போட்ட காங்கிரீட் தளத்துக்குத் தண்ணீர் கட்டத் தினக்கூலிக்கு வந்தவர் ஒரு பெரியவர். முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டிய வேட்டி, வெடித்த பாதங்கள். தளத்தின் மேல் சாந்தால் வரப்புப் போட்டுப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நிறுத்தியிருந்தோம். ஒவ்வொரு பாத்தியிலும் ஆள்காட்டி விரலை விட்டு, இரண்டு கணு நனைந்தால்தான் அடுத்ததற்கு நகர்வார்.

நான் வாங்கியது இரும்பாலைக் கசடு கலந்த சிமெண்ட். மெதுவாக இறுகும், பதினாலு நாள் ஈரம் காயக் கூடாது. கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு ஊரெல்லாம் பிரசங்கம் செய்துகொண்டிருந்த நான் அவரையும் விடவில்லை.

“இந்த சிமெண்டுனால ஆலைப் புகை குறையும் பெரியவரே. பூமி சூடு தணியும், மழை ஒழுங்கா பெய்யும்.”

“எப்பங்க சார்? இந்தக் குறுவைக்குள்ள பெஞ்சிடுமா?”

ஆற்றில் தண்ணீர் வரவில்லை. வாய்க்காலின் கடைசியில், அவர் வீட்டு வாசலுக்கு எதிரே, குறுவை நெல் போட்டிருந்த அவருடைய ஒரே வயல் காய்ந்துகொண்டிருந்தது. மைக் இல்லாமலே ஒரு மணி நேரம் பேசக்கூடிய நான், குழாயைத் திறந்துவிடக் கீழே இறங்கிப் போனேன்.

பதினாலாம் நாள், கருகிய பயிரில் மாட்டை மேயவிட்டுவிட்டு வேலைக்கு வந்தார்.

“இன்னையோட முடியுதுங்களா?”

“இல்லைங்க, இந்த சிமெண்டுக்கு இன்னும் ஒரு வாரம் ஊத்தணும்” என்று புளுகினேன்.

நம்பினாரா என்று இன்றுவரை தெரியவில்லை.

“வர்றேங்க சார். வீட்ல இருந்தா அந்த வயலத்தான் பாத்துக்கிட்டு கெடக்கணும்” என்றார்.