குங்குமம் வைத்த டைமிங் செயின்

லாஞ்சுப் படகுகளின் எஞ்சின் பிட்டரான எனக்குக் கார் எஞ்சினெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். தூத்துக்குடித் துறைமுகத்தில் உப்புத்தண்ணீர் குடித்த எஞ்சின்களோடு மல்லுக்கட்டி அலுத்துவிட்டது. சொந்தமாக ஒரு கார் பட்டறை போடும் ஆசை பித்தாகவே பிடித்திருந்தது.

அதற்கு இடம் வேண்டும். கருப்பட்டி வியாபாரி அண்ணாச்சியின் சரக்குக் கிட்டங்கியை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அதில் அவருடைய கார், சிலிண்டர் ஹெட் வளைந்து, டைமிங் செயின் தொய்ந்து, ஆறு மாதமாகப் படுத்திருந்தது. உலகச் சண்டைக் காலம், உதிரிச் சாமான் எதுவும் கப்பலில் வருவதில்லை.

"ஏலே, உடன்குடியில இருந்து எம் மவள தலப்பிரசவத்துக்குக் கூட்டிட்டு வரணும். இந்தக் காரு நல்லபடியா போயிட்டு வந்துட்டுன்னா கொட்டகை ஒனக்குத்தாம்ல" என்றார் அண்ணாச்சி.

அன்றைக்கே பட்டறைக்குப் பெயர்ப்பலகை எழுத ஒரு பலகையும் பார்த்து வைத்துவிட்டேன்.

ஹெட்டைக் கண்ணாடி மேல் வைத்து நாள்கணக்காகத் தேய்த்துச் சமப்படுத்தினேன். மதுரையில் அலைந்து ஒரு செயினும் பிடித்தேன். அந்தச் செயினைப் பல்சக்கரத்தில் சரியான பல்லில் மாட்டினால்தான் வால்வுகள் நேரத்துக்குத் திறந்து மூடும். ஒரு பல் தப்பினாலும் எஞ்சினுக்கு வலு இருக்காது. கம்பெனிக்காரன் போட்ட குறி தேய்ந்திருந்ததால், படகுக்கு அடிக்கும் சிவப்புப் பெயிண்டைத் தொட்டு அந்தப் பல்லில் ஒரு பொட்டு வைத்து, காயட்டும் என்று விட்டுப் போனேன். அவ்வளவு முன்யோசனை எனக்கு.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் வருவதற்குள் அண்ணாச்சியின் வீட்டுக்கார அம்மா, சாக்கில் பரப்பியிருந்த சாமான் அத்தனைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டுப் போயிருந்தார். என் ஸ்பேனருக்குக்கூடப் பொட்டு. நானோ மாதாகோயிலுக்குப் போகும் வேதக்காரன், அடுத்தவர் சாமி காரியத்தில் வாய் திறக்கக் கூடாதென்று, மண்ணெண்ணெய்த் துணியால் சத்தமில்லாமல் துடைத்தேன். பல்சக்கரத்தில் அழியாமல் நின்ற ஒரு சிவப்புப் பொட்டை என்னுடையது என்று நம்பிச் செயினை மாட்டினேன்.

காரை நிறுத்தியபடி முடுக்கிப் பார்த்ததில், எஞ்சின் பூனை மாதிரி ஓடியது. அண்ணாச்சி காப்பித் தம்ளரை பானட்டில் வைத்துப் பார்த்தார், ததும்பவில்லை. "கெட்டிக்காரன்ல நீ" என்றார். நான் மறுக்கவில்லை.

உடன்குடிக்கு அண்ணாச்சியோடு நானும் போனேன். போகும்போது எப்படியோ போய்விட்டது. திரும்பும்போது மகளும், துணைக்கு இரண்டு பெண்களும், பெட்டி பெட்டியாகக் கருப்பட்டியும் ஏறியதும், செம்மணலில் முக்கி முனகி நின்றது. ரேடியேட்டரில் இருந்து ஆவி கிளம்பியது.

"யப்பா, மாசமா இருக்கது நானா, இந்தக் காரா?" என்றாள் மகள்.

சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருக்க, மாடு பூட்டித்தான் காரை மணலுக்கு வெளியே இழுத்தார்கள். அண்ணாச்சி என்னை ஒரு சொல் சொல்லவில்லை. "கண்ணு பட்டுட்டு" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டேன்.

இரண்டு நாள் கழித்து அவரும் வீட்டுக்கார அம்மாவும் திருச்செந்தூருக்கு நேர்த்திக்கடன் செலுத்தப் போனார்கள். ஆளில்லாத நேரம் பார்த்து எஞ்சினைத் திறந்தேன். காயாத என் பெயிண்டு, மங்கலாக ஒரு தடத்தை மட்டும் விட்டுவிட்டுத் துணியோடு போயிருந்தது. எண்ணெயில் ஊறிய குங்குமம்தான் பக்கத்துப் பல்லில் உட்கார்ந்திருந்தது. செயினை ஒரு பல் தள்ளி மாட்டி, எல்லாவற்றையும் பழையபடி மூடிவிட்டு, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

மறுநாள் அண்ணாச்சி கற்பூரம் ஏற்றி, காருக்குத் திருஷ்டி சுற்றி, பூசணிக்காயை உடைத்தார். பிறகு என்னைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு துறைமுகச் சாலையில் விட்டார். கார் பறந்தது.

"பாத்தியாலே, பூசணிக்கா ஒடச்சதும்! ஏம்ல, இடையில நீ ஏதும் தொட்டியோ?"

தொட்டேன் என்றால் ஏன் தொட்டேன் என்று சொல்ல வேண்டும். என் பிசகைச் சொல்ல வேண்டும். அந்த அம்மா வைத்த குங்குமத்தையும் சொல்ல வேண்டும். கெட்டிக்காரன் பட்டத்தைக் கைவிட எனக்கு மனசில்லை.

"நான் ஒண்ணுஞ் செய்யல அண்ணாச்சி."

அவர் எதிரே வந்த மாட்டு வண்டிக்கு ஒதுங்கி வழிவிட்டார்.

"அப்பம் ஒண்ணுஞ் செய்யாதவனுக்குக் கொட்டகை எதுக்குல?"

கார் நாங்கள் இரண்டு பேரையும் சுமந்துகொண்டு, கொஞ்சங்கூட முனகாமல் டாப் கியரில் போய்க்கொண்டிருந்தது.