இடப்பக்கம் நான் பார்த்த மூன்று மாதங்கள்

வேதியியல் ஆய்வகத்தில் பியூரெட்டின் அளவைப் படித்துக்கொண்டிருந்தேன். அலுவலக உதவியாளர் வாசலில் வந்து நின்று, "உங்கப்பா வந்திருக்காருங்க அம்மிணி. பையையும் எடுத்துக்கிட்டு வரச் சொன்னாரு" என்றார். பையோடு வரச் சொன்னால் அன்றைக்குத் திரும்பி வரப்போவதில்லை என்று பொருள். படித்த அளவை நோட்டில் எழுதாமலேயே கிளம்பினேன். அப்பா வண்டியை அணைக்காமல் பள்ளி வாசலில் நின்றிருந்தார்.

"அத்தையா?"

"ம்... இப்பத்தான், முக்கால் மணி நேரமாச்சு."

வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அழுகை வரவில்லை. ஒரு விஷயத்தை மாமாவிடம் இனி நான்தானே சொல்ல வேண்டும் என்ற பயம்தான் முதலில் வந்தது. எட்டு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று அது. அத்தையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அதை விட்டுவிட்டு எழுத முடியவில்லை.

என் அத்தை கோகிலவாணி, அப்பாவுக்கு அக்கா. திருச்செங்கோட்டில் ரிக் எனப்படும் போர்வெல் வண்டிகள் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தில் பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தார். நிறுவனத்தின் பதினொரு வண்டிகளும் எந்த மாநிலத்தில், எந்த ஊரில் நிற்கின்றன என்று எந்த நேரத்தில் கேட்டாலும் சொல்வார். அந்த வண்டிகளில் ஒன்றில் மாமா துளை போடும் டிரில்லர். வருடத்தில் எட்டு மாதம் அவர் வெளி மாநிலத்தில்தான் இருப்பார். குழந்தைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அடுத்த தெருவிலிருந்து நான் போய்விடுவேன்.

அத்தையை அறிந்தவர்களில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. அவர் கணினியில் 'மறைந்திருக்கும் பொருளைக் கண்டுபிடி' வகை விளையாட்டுகளை ஆடுவார். அலுவலகத்தில் கழித்துவிட்ட பழைய லேப்டாப் ஒன்று அவரிடம் இருந்தது. அதில் இருபதுக்கு மேற்பட்ட விளையாட்டுகள். பாழடைந்த மாளிகை, காணாமல்போன தங்கை, தூசி படிந்த அறை, அறைக்குப் பன்னிரண்டு பொருட்கள் என்று கதை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பட்டியல் ஆங்கிலத்தில் வரும். அகராதி பார்ப்பது என் வேலை, கண்டுபிடிப்பது அவர் வேலை.

"சிக்கிள்னா என்ன அம்மிணி?"

"அருவாளுங்க அத்தை."

"அட, அருவாளா! மாளிகை கட்டி வாழறவன் அருவாளைக் கொண்டுபோய் பியானோ மேலயா வெப்பான்?"

விளையாட்டுகளைப் பற்றி அவருக்கு உறுதியான கருத்துகள் இருந்தன. ஒரு பொருளை மனிதர்கள் மறந்து வைக்கக்கூடிய இடத்தில்தான் ஒளித்து வைக்க வேண்டும் என்பார். திரைச்சீலையின் பூ வேலைப்பாட்டுக்குள் மீனை வரைந்து வைத்திருந்தால், "இது ஒளிச்சு வெக்கிறது இல்ல, ஏமாத்தறது" என்று அந்த விளையாட்டையே அழித்துவிடுவார். நேரம் குறித்து ஆடவைக்கும் விளையாட்டுகளைத் தொடவே மாட்டார். "வாரம் முச்சூடும் வண்டி எப்ப வரும், எப்ப வரும்னு கேட்டுக்கிட்டேதான் இருக்கறேன். ஞாயித்துக்கெழமையும் ஒருத்தன் என்னைய வெரட்டோணுமா?" நடுவில் வரும் கட்டம் நகர்த்தும் புதிர்களைக் கூச்சமின்றித் தாண்டிப் போவார். ஆனால் பொருள் தேடும்போது மட்டும் குறிப்புக் காட்டும் ஹிண்ட் பொத்தானை அழுத்தவே மாட்டார். நான் கை நீட்டினால் தட்டிவிடுவார்.

கதைகளைப் பற்றியும் சொல்வார். "எல்லாத்துலயும் அந்த ஊட்டுக்காரன்தான் குத்தவாளி. மூணாவது ரூமுக்குள்ள போறப்பவே தெரிஞ்சுபோகுது. ஆனாலும் பன்னெண்டாவது ரூம் வரைக்கும் நம்மளை நடத்திக் கூட்டிட்டுப் போறான் பாரு, அதுக்காகவே ஆடலாம்."

நான் பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு எழுதி முடித்த சமயத்தில் அவருடைய கருத்துகள் கசப்பாகத் தொடங்கின. "இந்தக் கம்பெனிக்காரங்க கெட்டுப்போயிட்டாங்க. இடப்பக்கம் எதையுமே கண்ணுக்குத் தெரியறாப்ல வரையறதில்ல" என்றார். இரண்டு வாரத்தில் மூன்று விளையாட்டுகளை அழித்தார். நான் எட்டிப் பார்த்தேன். இடப்பக்கம் குடை இருந்தது, சாவி இருந்தது, வெளிச்சத்தில் பளிச்சென்று ஒரு மஞ்சள் கோப்பையும் இருந்தது.

அலுவலக வேலையில் களைத்துப்போயிருக்கிறார் என்று நினைத்தேன். அவர் எரிச்சல்படுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "அத்தை, பாதிப் பாதியாப் பிரிச்சுக்கலாங்க. நான் இந்தப் பக்கம், நீங்க அந்தப் பக்கம்" என்று அவருக்கு இடப்பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். அவருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. "ரெண்டு பேரு சேந்தாத்தான் ரிக்கே ஓடுது, இது ஓடாதா?" என்று சிரித்தார். அழித்த விளையாட்டுகளைத் திரும்பவும் ஏற்றினோம். அந்த வாரங்களில் நாங்கள் ஆடியது போல அதற்கு முன் ஆடியதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போகத் தாமதமாகிவிட்டது. அத்தை தனியாகத் தம்முடைய பழைய விளையாட்டைத் திறந்திருந்தார். பத்துத் தடவைக்கு மேல் ஆடி முடித்த, ஒவ்வொரு பொருளும் மனப்பாடமாகத் தெரிந்த விளையாட்டு. முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார்.

"இதையும் மாத்திப்புட்டானுங்க அம்மிணி. அப்டேட் பண்ணி எடம் மாத்திட்டான்."

அந்த லேப்டாப்புக்கு இணைய இணைப்பே கிடையாது. விளையாட்டுகளை நான்தான் பென்டிரைவில் கொண்டுவந்து ஏற்றுவேன். அதை யாரும் மாற்றியிருக்க முடியாது. அவர் தேடிய கடிகாரம் இடப்பக்கச் சுவரில், எப்போதும் இருக்கும் இடத்தில்தான் இருந்தது. அவருக்குத்தான் அந்தப் பக்கம் தெரியவில்லை. ஆனாலும் வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போட்டு, கடிகாரத்தின் மேல் விரலை வைத்தேன். அவர் முகம் தெளிந்தது. எனக்கு அந்த நேரத்தில் அதுதான் வேண்டியிருந்தது. அன்றைக்கே தெரிந்திருந்தும் சொல்லவில்லை என்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

அதன் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. நான்காவதில் லேப்டாப்புக்குச் சார்ஜர் வாங்க அவருடைய ஸ்கூட்டரில் போனோம். சங்ககிரி சாலையில் ஒரு பட்டறையிலிருந்து ரிக் லாரி ஒன்று இடப்பக்கமாக வெளியே வந்துகொண்டிருந்தது. அத்தை வேகத்தைக் குறைப்பார் என்று பார்த்தேன். குறைக்கவில்லை. ஏதோ பேசிக்கொண்டே நேராகப் போனார்.

"அத்தை, லாரி! அத்தை!"

பிரேக் பிடித்தபோது லாரியின் இரும்பு என் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். அத்தையின் அலுவலகத்து வண்டிதான் அது. அவரும் தெரிந்தவர்தான்.

"ஏனுங்கக்கா, பாறையத் தொளைக்கிற வண்டியே உங்க கண்ணுக்குத் தெரியலீங்களா?" என்று கேலியாகக் கேட்டார். அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி வந்தார். அத்தையின் கைகள் ஹேண்டில்பாரை விடவே இல்லை.

வீட்டுக்கு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே நடந்தோம். "யாருகிட்டயும் சொல்லிப்போடாத. உங்க மாமா வேலையப் பாதியில உட்டுட்டு வந்துருவாரு" என்றார். ஒரு நாள் முழுவதும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் காலை அவர் ஸ்கூட்டரைக் கிளப்பும் சத்தம் அடுத்த தெருவிலிருந்து கேட்டபோது அப்பாவிடம் ஓடினேன்.

சேலத்தில் மருத்துவர் விரலை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். "எத்தனை நாளா இப்படி?"

"ஒரு பத்து நாளா இருக்குதுங்க டாக்டர்" என்றார் அத்தை. என் பக்கம் திரும்பவே இல்லை. நான் அங்கேயே நின்றிருந்தேன். மூன்று மாதம் என்று எனக்குத் தெரியும். அப்பா என்னைப் பார்த்தால் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவர் ஸ்கேன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூளையின் வலப்புறப் பின்பகுதியில் கட்டி. அதனால்தான் இரண்டு கண்களுக்கும் இடப்பக்கம் தெரியாமல் போயிருந்தது. அறுவைச் சிகிச்சை நடந்தது. மாமா வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார்.

பரிசோதனைக்குப் போன ஒரு நாளில் மருத்துவரிடம் தனியாகப் போய் உண்மையைச் சொல்லி, முன்பே வந்திருந்தால் குணமாகியிருக்குமா என்று கேட்டேன். "முன்னாடி வந்திருந்தாலும் கட்டியோட குணம் மாறியிருக்காதும்மா. ஆனா முன்னாடி வந்திருந்தா நல்லதுதான்" என்றார். அதில் எந்தப் பாதியைப் பிடித்துக்கொள்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அத்தையிடமும் அதையே கேட்டேன். "அதை என்கிட்டக் கேட்டா எனக்கென்ன தெரியும் அம்மிணி? அந்த மூணு மாசம் நல்லா ஓடுச்சு. அது மட்டும் எனக்குத் தெரியும்" என்றார். பிறகு, "உங்க மாமாகிட்ட நீ சொல்லாண்டாம். நானே சொல்லிக்கறேன்" என்றார்.

அதன் பிறகும் அவர் ஆடினார். தலையை முழுவதும் திருப்பித் திருப்பி, திரையின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்து ஆடினார். "இப்பத்தான் ஆட்டம் நேர்மையா இருக்குது. எங்க தெரியலைன்னு தெரிஞ்சுபோச்சு, அங்க போய்ப் பாத்துக்கறேன்." கடைசி இரண்டு வாரம் லேப்டாப்பைத் திறக்கவில்லை. மாமாவிடம் அவர் சொல்லவுமில்லை.

அத்தை இறந்த மூன்றாம் நாள், துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் வாசல் பந்தலில் உட்கார்ந்து மாமா பேசிக்கொண்டிருந்தார். "பத்தே நாள்ல கண்டுபுடிச்சுப்போட்டாளுங்க, என்ற மச்சினன் புள்ள. அவ மட்டும் இல்லீன்னா இந்த எட்டு மாசம் எனக்கு ஏது?" ஒவ்வொருவரிடமும் இதையே சொன்னார். வந்தவர்கள் என் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள். நான்காவது கை என் தலையில் பட்டபோது என்னால் தாங்க முடியவில்லை. அவர்கள் போனதும் மாமாவின் முன்னால் போய் நின்றேன்.

"மாமா, பத்து நாள் இல்லீங்க. மூணு மாசம். எனக்குத் தெரியுங்க. நான்தான் அந்தப் பக்கமெல்லாம் பாத்துச் சொல்லிச் சொல்லி மறைச்சுட்டேன்."

அவர் என்னையே பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். எழுந்து போய்விடுவார் என்றும் நினைத்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த துண்டை மடித்தார். மறுபடியும் பிரித்தார்.

"நெதமும் போன்ல பேசுனேன் சாமி. எனக்கும் தெரியலியே" என்றார் கடைசியில்.

அதற்குள் வெண்ணந்தூரிலிருந்து உறவினர்கள் வந்து இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நோய் எப்படித் தெரியவந்தது என்று கேட்டார். நான் தூணோரம் ஒதுங்கி நின்றேன்.

"மூணு மாசமா இருந்திருக்குதுங்க. ஊட்டுல ஒருத்தருக்கும் சொல்ல வாய் வரல" என்றார் மாமா. என்னைப் பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லிப் பெஞ்சில் இடம் விட்டார். போய் உட்கார்ந்தேன்.

மாமாவுக்குத் தெரிந்துவிட்டது அத்தை. நிம்மதியாகப் போய் வாருங்கள்.