நாற்பத்திரண்டு லிட்டர்

முதலாமாண்டு மாணவர்களை வார்டுக்குள் விடலாமா கூடாதா என்பதில் எனக்கும் பொது மருத்துவத் துறைத் தலைவருக்கும் மாதக்கணக்கில் இழுபறி. நான் உடலியங்கியல் ஆசிரியை. உடம்பில் உப்பும் தண்ணீரும் எப்படி நடமாடுகின்றன என்பதைக் கரும்பலகையில் மட்டும் நடத்தினால், நோயாளியைத் தொடும் வருடம் வருவதற்குள் பிள்ளைகள் அதைச் சுத்தமாக மறந்துவிடுகிறார்கள். பாடத்திட்டமே வகுப்பையும் வார்டையும் சேர்த்து நடத்தச் சொல்கிறது. அவரோ, "வார்டு என்ன பொருட்காட்சியா மேடம்?" என்பார். நான் விடுகிற ஆளில்லை. கடைசியில் ஒரே ஒரு வகுப்புக்குச் சம்மதித்தார். அது சொதப்பினால் இனி அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. தாராளமாக என்றேன்.

பெண்கள் வார்டில், வாந்தியும் பேதியுமாக வந்து டிரிப்ஸ் ஏற்றித் தேறிவிட்ட ஒருவரைத் தேர்ந்தெடுத்தேன். விடியற்காலையில் வயல் வேலை, அப்புறம் பஸ் பிடித்து மேட்டுப்பாளையத்தில் கம்பெனி வேலை. அங்கேதான் மயங்கி விழுந்திருந்தார். அவரிடம் அனுமதி வாங்கி, அவருக்கும் புரியட்டுமே என்று தமிழிலேயே கேட்டேன்.

"இவங்க ஒடம்புல மொத்தம் எவ்ளோ தண்ணி இருக்கும்?"

வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிற மாணவி யோசிக்கவே இல்லை. "நாப்பத்திரண்டு லிட்டர், மேடம்."

கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். "என் எடையே நாப்பது கிலோதாம்மா. இங்கதான் பாத்தாங்க. அப்ப எலும்பு, கறியெல்லாம் எங்க போச்சு?"

வார்டே சிரித்தது. நாற்பத்திரண்டு என்பது எழுபது கிலோ ஆணின் கணக்கு. எங்கள் புத்தகங்களில் அவர் ஒருவர்தான் குடியிருக்கிறார்.

"பாத்தீங்களா மேடம்? மொதல்ல கிளாஸ்ல ஒழுங்கா சொல்லிக் குடுங்க, அப்புறம் கூட்டிட்டு வாங்க" என்றார், கூடவே வந்து நின்றிருந்த தலைவர். சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் பிள்ளைகள் முதலில். "பெண்களுக்கு எடையில ஏறக்குறைய பாதி தண்ணி. இப்ப சொல்லும்மா" என்றேன்.

"இருபது லிட்டர்."

"அதுல ரெண்டு மூணு லிட்டர் வெளிய போயிட்டா?"

அவள் முதல் முறையாக அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "அதான் விழுந்துட்டாங்க" என்றாள் மெதுவாக. எனக்கு அது போதும். தலைவர் பக்கம் திரும்பினேன்.

"சார், இந்த நாப்பத்திரண்ட பரீட்சையில எழுதியிருந்தா நான் முழு மார்க் போட்டிருப்பேன். நீங்களும்தான் போட்டிருப்பீங்க. இங்க வந்ததாலதான் தப்புன்னு தெரிஞ்சுது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டார். எனக்கு உள்ளூரப் பயம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். பிறகு அவரே அடுத்த கட்டிலுக்கு நடந்துபோய், அந்த மாணவியைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"இவங்களுக்கு எவ்ளோ இருக்கும்?"

அவள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். கட்டில் பக்கம் குனிந்தாள்.

"அக்கா, உங்க எடை எவ்ளோ?"