மூன்றாம் தரம் அழைத்தபோது

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். கல்யாணமாகி, வேலூர்ப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்து எனக்கு ஏழெட்டு மாதம்தான் ஆகியிருந்தது. என் கணவருக்குக் கண்டோன்மெண்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. பிரேசர் டவுனில் ஒரே கூரையின் கீழ் மூன்று போர்ஷன்கள், நடுவில் நாங்கள். இடது பக்கம் கன்னடக்காரர்கள். அந்த வீட்டுப் பெண்ணுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது, வாய் மட்டும் என்னைவிட இரண்டு மடங்கு. வலது பக்கம் தக்னி உருது பேசும் முஸ்லிம் குடும்பம். அந்த அம்மாளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அக்காவை அவர்கள் 'ஆபா' என்பார்கள். நானும் அப்படியே கூப்பிடுவேன்.

ஆபாவின் கணவர் தோல் கடை வைத்திருந்தார். பட்டாளத்துக்குச் சேணம், வார் என்று ஏகப்பட்ட ஆர்டர். காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். ஆபா தனியாக வெளியே போகிற வழக்கமில்லை. ஆண் டாக்டரிடம் கண்ணைக் காட்ட அவருக்கு மனம் வரவில்லை. ஆனால் கண்ணோ நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டிருந்தது. விளக்கைப் பார்த்தால் அதைச் சுற்றி வானவில் மாதிரி வளையம் தெரிகிறது என்பார். தலைவலி வந்தால் இரண்டு நாள் படுத்துவிடுவார். கிணற்றடியில் குடம் நீட்டிய என் கையைத் தடவிப் பார்த்துத்தான் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டார் ஒருநாள்.

அந்தச் சமயத்தில்தான் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வெளியூரிலிருந்து ஒரு கண் டாக்டரம்மா வருவதாகவும், மூன்றே நாள்தான் இருப்பார் என்றும் என் கணவர் கேள்விப்பட்டு வந்தார். எனக்கும் அடிக்கடி தலையை வலிக்கும்; கண்ணாடி போட வேண்டுமோ என்று பார்க்கச் சொன்னார். முதல் நாளே போவதாக முடிவாயிற்று. முந்தின நாள் சாயங்காலம் கிணற்றடியில் விஷயத்தை ஆபாவிடமும் சொன்னேன். "அச்சா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் ஜட்கா வந்து நின்றது. நான் தெருவில் நின்றபடியே அவர் வீட்டு வாசல் திரையைப் பார்த்து, "ஆபா, நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறேன். நீங்களும் வரீங்களா?" என்று கேட்டேன்.

"நக்கோம்மா, உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு? நீங்க போயிட்டு வாங்க" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

எங்கள் அப்பா ஒரு தரம்தான் கேட்பார். வேண்டாம் என்றால் அதோடு சரி, மறுபேச்சு இல்லை. அந்த வளர்ப்பு எனக்கு. நான் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். வலியக் கேட்டும் வராமல் இருக்கிறாரே என்று கொஞ்சம் கோபம்கூட. டாக்டரம்மா என் கண்ணைப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்த நாள் முழுக்க ஆபா கிணற்றடிக்கு வரவே இல்லை. நானும் வீம்பாக எட்டிப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் கன்னடக்காரத் தோழி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏன்ரீ, பெரிய ராணி மாதிரி தெருவுல நின்னு கேட்டுட்டுப் போயிட்டீங்களாமே?"

அவள் சொன்னதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனதற்கு முந்தின ராத்திரியே ஆபா கணவரிடம் கேட்டு வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டு அம்மா கூட்டிக்கொண்டு போனால் தாராளமாகப் போய்வா என்று அவரும் சொல்லியிருக்கிறார். விடியற்காலையில் சமையலை முடித்து, புர்க்காவைப் போட்டுக்கொண்டு, திரைக்குப் பின்னால் தயாராக நின்றிருக்கிறார் ஆபா. வண்டி நகர்கிற சத்தம் கேட்டதும் புர்க்காவைக் கழற்றாமலே உட்கார்ந்து அழுதிருக்கிறார்.

"வர ஆசை இருந்தா வரேன்னு சொல்றதுதானே!" என்றேன். குரல் எனக்கே எரிச்சலாக இருந்தது.

"முதல் தரம் கூப்பிட்ட உடனே யாராவது எழுந்து வருவாங்களா? மானம் மரியாதை இல்லையா? வரலட்சுமி பூஜைக்கு உங்களை நான் எத்தனை தரம் கூப்பிட்டேன், ஞாபகம் இருக்கா?"

மூன்று தரம் கூப்பிட்டாள். முதல் தரம் வேலை இருக்கிறது என்றேன். இரண்டாம் தரம் புடவை சரியில்லை என்றேன். மூன்றாம் தரம் அவள் உள்ளே வந்து கையைப் பிடித்த பிறகுதான் போனேன். அன்று காலையிலிருந்தே நான் நல்ல புடவையில்தான் இருந்தேன். எனக்கொரு நியாயம், ஆபாவுக்கொரு நியாயம்! வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள்தான் கடைசி நாள். டாக்டரம்மா மத்தியானத்தோடு கிளம்பிவிடுவார். மறுபடி எப்போது வருவாரோ யாருக்கும் தெரியாது. காலையிலேயே ஜட்காவைக் கூப்பிட்டு, முன்னும் பின்னும் படுதா கட்டச் சொல்லி, வாசலை ஒட்டி நிறுத்தினேன். தோழியையும் இழுத்துக்கொண்டு ஆபா வீட்டுக்குள் போய்ப் பாயில் உட்கார்ந்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டே வெற்றிலைத் தட்டை நகர்த்தினார். போட்டுக்கொண்டோம்.

தோழி சொல்லிக் கொடுத்தபடி, சேர்ந்து போகலாம் வாங்க என்று எனக்கு வராத தக்னியில் ஆரம்பித்தேன். "சலோ ஆபா, மில்கே ஜாயேங்கே."

"நக்கோம்மா. உங்களுக்குத்தான் கண்ணு நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்களே."

தோழி அதையே கன்னடத்தில் சொல்லிக் கூப்பிட்டாள். "பன்னி அக்கா, ஒட்டிகே ஹோகோணா."

"வீட்ல வேலை கிடக்கு" என்றார். இது வழக்கத்துக்குச் சொல்கிற மறுப்பா, மனம் நொந்து சொல்கிற மறுப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. வெளியே வண்டிக்காரர் குரல் கொடுத்தார். எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "வாங்க ஆபா, ஒண்ணாப் போயிட்டு வந்துடலாம். நீங்க வராம நான் இங்கேருந்து நகர மாட்டேன்" என்று தமிழிலேயே சொன்னேன்.

ஆபா வெற்றிலைத் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு எழுந்து புர்க்காவை எடுத்தார்.

டாக்டரம்மா நெடுநேரம் பார்த்தார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது, இடது கண்ணில் பார்வை முக்கால்வாசி போய்விட்டது, அது இனித் திரும்பாது. வலது கண்ணை உடனே அறுவை செய்தால் காப்பாற்றலாம், இன்னும் சில வாரம் விட்டால் அதுவும் போய்விடும் என்றார். அதற்காகவே பயணத்தை ஒருநாள் தள்ளிப்போட்டு மறுநாள் காலையில் அறுவையும் செய்தார். அந்தப் புண்ணியவதியின் பெயரைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

கட்டுப் பிரித்த அன்று ஆபா வலது கண்ணால் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவ்வளவு சின்னப் பொண்ணா நீ!" என்று சிரித்தார். அப்புறம் மெதுவாக, "அன்னிக்கே உள்ள வந்து கையைப் பிடிச்சிருக்கக் கூடாதா?" என்றார்.

அவர் சொன்னதில் கோபமே இல்லை. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது. முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. எல்லோரையும் விட அதிகம் வர ஆசைப்படுகிறவர்தான் முதலில் 'வேண்டாம்' என்பார் என்று அன்று தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு யாரையும் ஒரே தரம் அழைத்துவிட்டு வாசலோடு திரும்ப என் கால் எழுந்ததே இல்லை.